ஒரிஜினல் பெயின்ட்: தம்புள்ளை வீதியும் புதுக் காரில் ஒட்டும் பிலிமும்

பழைய கார் பார்க்க வருகிறவர் எங்கள் பக்கத்தில் முதலில் என்ஜினைப் பார்ப்பதில்லை. கதவோரம் குனிந்து, தலையைச் சாய்த்து, வெயில் படும் கோணத்தில் பொனட்டின் மேல் கண்ணை ஓடவிடுவார். பிறகு விரல் மூட்டால் இரண்டு தட்டு. அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார்: "பெயின்ட் ஒரிஜினலாண்ணே?" கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் பையிலிருந்து பெயின்டின் தடிப்பை அளக்கும் சின்னக் கருவியை எடுத்து ஒவ்வொரு பனலிலும் வைப்பார். நூறு, நூற்றிருபது மைக்ரோன் காட்டினால் பேச்சு தொடரும். முந்நூறு காட்டினால் அந்தப் பனல் எங்கோ அடிபட்டு, டிங்கரிங் முடிந்து, மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்று முடிவுகட்டி விடுவார். விலை அங்கேயே இறங்கத் தொடங்கும்.

இதை வெறும் பைத்தியம் என்று ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் கிடந்த அந்த ஐந்து வருடங்களில், வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய காரை விற்றவர்கள் எத்தனையோ பேர். கதவு திறந்த பிறகும் சுங்க வரி, அதன் மேல் மேல்வரி, உற்பத்தி வரி, பெரிய வாகனமென்றால் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக ஏறி, ஒரு சின்னக் கார்கூட காணி வாங்கும் காசுக்கு வந்து நிற்கிறது. காணி வாங்குகிறவன் வேலி போடத்தான் பார்ப்பான். பெயின்டைக் காக்கும் பிலிம், சுருக்கமாக பிபிஎஃப், இந்த நாட்டில் இவ்வளவு பேச்சாகியிருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. அது அடுத்த சொந்தக்காரருக்காக நாம் போடும் வேலி.

தம்புள்ளையில் அந்த வேலிக்குக் கொழும்பைவிடக் கூடுதல் நியாயம் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்தா, நாவுல தாண்டி யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல், கலேவெல தாண்டி ஹபரணை, திருகோணமலை போகும் ஏ6 வீதியும் இங்கேதான் சந்திக்கின்றன. 1999இல் திறந்த பொருளாதார மத்திய நிலையத்துக்கு நுவரெலியா கரட்டும் லீக்ஸும் ஒரு பக்கமிருந்தும், வடக்கின் வெங்காயம் இன்னொரு பக்கமிருந்தும் வந்து இறங்குகின்றன. இராப்பகலாக லொறி. வீதியோரத்துக் கிரவலில் ஒரு சில்லு இறங்கி ஏறினால் போதும், பின்னால் வருகிறவருக்குக் கல் மழை. தோட்டத்துக்கும் வயலுக்கும் திரும்பும் உள்வீதிகள் பல இன்னும் கிரவல்தான். அங்கே முன்னால் போகும் லொறிகூடத் தேவையில்லை, உங்கள் டயரே உங்கள் கதவடியை அடிக்கும்.

கல்லின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. அடியின் சக்தி வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஊருக்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் பொனட்டில் படும் அதே கல், ஊர் எல்லை தாண்டி 70இல் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கிறது. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் இதற்கென்றே எஸ்ஏஇ ஜே400 என்ற பரிசோதனையை வைத்திருக்கிறது. அளவெடுத்த சரளைக் கல்லைக் காற்றழுத்தத்தால் பெயின்ட் தகட்டின் மேல் வீசி, எத்தனை இடத்தில் பெயர்ந்தது, எந்த அடுக்கு வரை பெயர்ந்தது என்று எண்ணுவார்கள். சம்பளம் வாங்காமல் அந்தப் பரிசோதனையை நாங்கள் நாவுல வீதியில் தினமும் செய்துகொண்டிருக்கிறோம்.

காரின் பெயின்ட் என்று சொல்வது ஒரே பூச்சல்ல. தகட்டுக்கு மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரோன். கிளியர் கோட் மட்டும் நாற்பது, ஐம்பது மைக்ரோன். தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. கல் விழுந்து நிறம் வரை பெயர்ந்தால் வெள்ளைப் புள்ளி, தகடு வரை போனால் சில மாதத்தில் செம்பழுப்புப் புள்ளி. நம்மவர்களுக்குப் பிடித்த பேர்ல் வெள்ளையில் இன்னொரு சிக்கல். அது அடிநிறம், முத்துப் பூச்சு, கிளியர் என்று மூன்று தடவையில் வரும் நிறம். பொனட்டில் ஒரு கையகலத்தைத் திருத்தப் போனால், நிறம் ஒத்துப்போக இரண்டு பக்கத்து மட்கார்டுக்கும் கை வைக்க வேண்டி வரும். ஒரு கல்லுக்கு மூன்று பனல் "ஒரிஜினல்" என்ற பட்டத்தை இழக்கும்.

இந்த இடத்தில்தான் பிலிம் வருகிறது. அது பிறந்தது காருக்காக அல்ல. வியட்நாம் யுத்தக் காலத்தில் அமெரிக்க ஹெலிகொப்டர்களின் சுழலும் இறகுகளை மணலும் கல்லும் தின்றபோது அவற்றின் முன்விளிம்பில் ஒட்டக் கண்டுபிடித்தது. த்ரீஎம் நிறுவனம் செய்த அந்த யூரித்தேன் பிலிம் பிறகு பந்தயக் கார்களுக்கு வந்தது. அங்கிருந்து வீட்டுக் கார்களுக்கு. இன்றைய நல்ல பிலிமின் உடல் டிபியு எனப்படும் இழுபடும் பிளாஸ்டிக். கீழே பசை, மேலே கீறலை ஆற்றிக்கொள்ளும் மெல்லிய பூச்சு. மொத்தம் எட்டு மில், அதாவது சுமார் இருநூறு மைக்ரோன். கையில் உணர வேண்டுமென்றால் ஏ4 தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விரலால் பிடித்துப் பாருங்கள். அவ்வளவுதான். ஆனால் கல் அந்த இரண்டு தாளில் விழும்போது பிலிம் இழுபட்டு, அடியை அகலமாகப் பரப்பிவிடுகிறது. கிளியர் கோட் கண்ணாடிபோல் உடைகிற இடத்தில் இது ரப்பர்போல் வளைந்து கொடுக்கிறது. தடிப்பைக் கூட்டிச் சொல்லி விற்கிறவர்களிடம் மட்டும் கவனம்: பசைக்குப் பின்னால் உரித்து வீசும் தாளையும் சேர்த்து எண்ணிச் சொல்லும் ஆட்கள் உண்டு.

கடையில் "பிபிஎஃப்" என்று சொல்லித் தரும் எல்லாம் இதுவல்ல. பிவிசி பிலிம் ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கர் கடைச் சாமான். இரண்டுக்கும் நடுவில் டிபிஎச் என்று ஒரு கலப்புச் சரக்கு. டிபியுவிலேயே இரண்டு சாதி: புறஊதாக் கதிரைத் தாங்கும் அலிபாட்டிக், வெயிலில் மஞ்சளாகும் அரோமாட்டிக். பின்னது மலிவு, ஒட்டிய அன்று கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. தம்புள்ளை வெயில் அந்த வித்தியாசத்தைத் தாமதமில்லாமல் காட்டும்.

எனக்குக் காட்டியது. ஜப்பானிலிருந்து வந்த சின்ன வெள்ளைக் கார். ஒரு ஊரில், ஒரு கடையில், "டிபியுதான் சேர், பயப்படாதீங்க" என்ற வாக்கை நம்பி பொனட்டுக்கும் பம்பருக்கும் ஒட்டினேன். இரண்டாவது வருடம் கதவு பால் நிறத்திலும் பொனட் நெய் நிறத்திலும் இருந்தது. கழற்றப் போனபோது பிலிம் ஒரே தோலாக வரவில்லை. நகத்தளவு துண்டு துண்டாகப் பிய்ந்தது, பசை கீழேயே தங்கிவிட்டது. மூன்று நாள் துணியும் திரவமுமாகத் தேய்த்து எடுத்த பிறகு, பம்பரின் ஹெட்லைட் ஓரத்தில் மயிரிழைபோல் ஒரு நேர்கோடு தெரிந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. பிலிமை வண்டியின் மேலேயே வைத்து வெட்டிய கத்தி, அதற்குக் கீழிருந்ததையும் வெட்டியிருந்தது. பெயின்டைக் காக்கப் போட்ட காசில் பெயின்டுக்குக் காயம்.

அதற்குப் பிறகு கொழும்பில் ஒட்டுகிற ஒரு தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அண்ணே, எல்லாரும் என்ன பிராண்டுன்னுதான் கேக்குறாங்க. எங்க வெச்சு வெட்டுவேன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல." அவன் கேள்வி சரியானது. காரின் மொடலுக்கு ஏற்ற அளவைக் கம்பியூட்டரில் எடுத்து, பிளொட்டர் மெஷினில் முன்கூட்டியே வெட்டிக்கொண்டு வந்து ஒட்டுவது ஒரு முறை. கத்தி வண்டியைத் தொடவே தொடாது. ஆனால் ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மூடாமல் நிற்கலாம். முழு ரோலிலிருந்து இழுத்துப் போர்த்தி வண்டியிலேயே வெட்டுவது மற்றது. கைதேர்ந்தவன் செய்தால் ஓரத்தை உள்ளே மடித்து, பிலிம் இருப்பதே தெரியாமல் முடிப்பான். கைதேராதவன் செய்தால் என் பம்பர். எங்கள் பக்கத்து வாகனம் என்றால் அளவு சேகரிப்பில் உங்கள் மொடல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சின்னக் கார்களுக்கு அளவு எப்போதும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஓரம்தான் இந்த வேலையின் உயிர். பிலிம் நடுவில் தோற்பதில்லை. விளிம்பில் தூசி ஏறி, தண்ணீர் ஏறி, கறுப்புக் கோடு விழுந்து, அங்கிருந்து தூக்கத் தொடங்கும். தம்புள்ளைக் குகை விகாரைக்கு ஏறியவர்கள் பாறையின் நெற்றியைக் கவனித்திருப்பார்கள். குகை வாயிலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. பாறை முகத்தில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தடுக்கி வெளியே சொட்டிவிடும், உள்ளே வராது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் குகைகள் அவை. உள்ளே இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டுக் கண்டிக் காலத்தவை. பெயின்ட் நிற்பதும் உரிவதும் விளிம்பில் முடிவாகிறது என்று அந்தக் கல்தச்சருக்குத் தெரிந்திருந்தது. காருக்கு ஒட்டுகிறவர்களில் சிலருக்கு இன்னும் தெரியவில்லை.

ஒட்டுமிடத்தையும் பார்க்க வேண்டும். பிலிமை ஈரத்தில்தான் ஒட்டுவார்கள். பேபி ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, பிலிமை அதன் மேல் மிதக்கவிட்டு, இடம் சரியானதும் ரப்பர்க் கத்தியால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். பிடிக்க வேண்டிய விளிம்பில் அல்கஹோல் கலந்த நீர். எங்கள் பக்கத்து மதியச் சூட்டில், திறந்த கொட்டிலுக்குள் இதைச் செய்தால் தண்ணீர் தள்ளுவதற்கு முன்னாலேயே காயும், பசை அவசரமாகப் பிடிக்கும், இழுத்த கோடுகள் நிரந்தரமாக நிற்கும். காற்றில் வரும் ஒரு மணல் துகள் உள்ளே அகப்பட்டால் அது அங்கேயே குடியிருக்கும். கதவு சாத்திய, ஏசி போட்ட, தரை நனைத்த அறை என்பது படாடோபமல்ல. அதனால்தான் நல்ல வேலைக்கு இங்கிருந்து 148 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கே போகிறார்கள். போவதென்றால் காரை அங்கே எடுத்த கையோடு, தம்புள்ளைக்கு ஓட்டி வருவதற்கு முன்னால் ஒட்டிவிடுவது புத்தி. முதல் பயணத்திலேயே லொறிக்குப் பின்னால் வந்து, இரண்டு கல்லை வாங்கிக்கொண்டு, பிறகு ஒட்டினால் அந்தப் புள்ளிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி உள்ளே தெரியும். ஒட்டிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் அடிக்க வேண்டாம். உள்ளே மிஞ்சிய ஈரம் குமிழ் குமிழாகத் தெரிந்து தானாகவே காயும். அதைப் பார்த்துப் பதறி ஊசியால் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரீகண்டிஷன் காருக்கு இன்னொரு படி இருக்கிறது. ஜப்பான் ஒக்‌ஷன் ஷீட்டில் வண்டியின் படத்தின் மேல் குறிகள் போட்டிருப்பார்கள். கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, திருத்திப் பெயின்ட் அடித்த இடத்துக்கு டபிள்யூ. தொழிற்சாலையில் சூளைச் சூட்டில் இறுகிய பெயின்டின் பிடிப்பு, பிறகு எங்கோ அடித்த பெயின்டுக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. டபிள்யூ போட்ட பனலில் பிலிம் ஒட்டினால், ஐந்தாறு வருடம் கழித்து உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரலாம். ஒட்டுகிறவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். காட்டாமல் மறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

இனி எங்கெங்கே ஒட்டுவது? முழு வண்டிக்கும் என்றால் சில இலட்சம் ரூபாய் போகும். என் அபிப்பிராயம் நேரானது: இங்கே ஓடும் காருக்குக் கூரைக்கும் டிக்கி மூடிக்கும் ஒட்டுவது காசைக் கரைப்பது. கல் முன்னாலிருந்து வருகிறது. முன்பம்பர், முழு பொனட், இரண்டு முன் மட்கார்ட், சைட் மிரரின் முதுகு, ஹெட்லைட் இவ்வளவும் முதல் வரிசை. பாதி பொனட்டுக்கு மட்டும் ஒட்டுவது மலிவு. ஆனால் நடுவில் ஒரு கோடு விழும், ஆறு மாதத்தில் அந்தக் கோட்டில் அழுக்கு குடியேறி, பொட்டு வைத்த இடத்தைத் துடைக்காமல் விட்ட மாதிரி இருக்கும். கிரவல் வீதிக்காரர் மறக்கக்கூடாத இடம் வேறொன்று: கதவுக்குக் கீழுள்ள பட்டியும், பின் டயருக்கு முன்னாலுள்ள மட்கார்ட் வளைவும். முன் டயர் கிளப்பும் கல் முழுவதும் அங்கேதான் போய் அடிக்கும். கொழும்புப் பக்கேஜ்களில் இது பெரும்பாலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். பம்பரில் பார்க்கிங் சென்சர் இருந்தால் அதன் மேல் பிலிம் வராமல் வெட்டி விடச் சொல்லுங்கள். முன்கண்ணாடிக்கு இந்தப் பிலிம் உதவாது. அதற்கு வேறு சரக்கு.

பிலிம் செய்யும், செய்யாது என்பதில் கடைக்காரர் பேச்சுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி அதிகம். "கீறல் தானே ஆறும்" என்பது பாதி உண்மை. துணியால் துடைத்த வட்டக் கோடுகள், குரோட்டன் செடி உரசிய கீறல் போன்ற மேலோட்டமானவை சூடு பட்டால் மறையும். குளிர் நாட்டில் இதற்குக் கொதிநீர் ஊற்றுவார்கள். இங்கே மதியம் வெயிலில் நிறுத்தினால் போதும். பிலிமைக் கிழித்துக்கொண்டு உள்ளே போன கல் ஆறாது. விகாரை அடிவாரத்திலும் சிகிரியாவிலும் பொனட்டில் ஏறி உட்காரும் குரங்கின் நகத்துக்குப் பிலிம் நல்லது. ஹபரணை வீதியில் யானை வந்தால் பிலிமைப் பற்றி யாரும் யோசிக்கப்போவதில்லை. கண்டலம, இப்பன்கட்டுவ குளங்களை ஒட்டி இரவில் ஓட்டும்போது பம்பரில் ஒட்டும் பூச்சிக் கூழும், மாமரத்தடி வௌவால் எச்சமும் பிலிமிலும் நாட்கணக்கில் கிடந்தால் தழும்பு விடும். ஆனால் தழும்பு பிலிமில், பெயின்டில் அல்ல.

இங்கே பெயின்டின் நிஜமான தினசரி எதிரி கல்லுமல்ல, தண்ணீர். உலர்வலயத்துக் கிணற்று நீர் கல்சியம் நிறைந்த கடின நீர். கேத்தலின் உள்ளே படியும் வெள்ளை ஓடு அதற்குச் சாட்சி. அந்தத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால், ஒவ்வொரு துளியும் ஒரு சுண்ணாம்பு வளையத்தை விட்டுப் போகும். கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். பிலிம் இதைத் தடுக்காது, அதன் மேலும் வளையம் விழும். இதற்குச் செரமிக் கோட்டிங் ஓரளவு உதவும். சில மைக்ரோன் தடிப்புள்ள சிலிக்காப் பூச்சு, தண்ணீரை உருட்டிவிடும். செரமிக் அடித்தால் கல்லையும் தாங்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். இரண்டும் வேண்டுமானால் பிலிம் முதலில், செரமிக் அதன் மேல். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் முன்பக்கத்துக்குப் பிலிமும், நிழலில் கழுவி உடனே துடைத்தெடுக்கும் பழக்கமும். சந்திக்குச் சந்தி குடிநீருக்காக வைத்திருக்கும் ஆர்ஓ தண்ணீரில் ஒரு கலனைக் கடைசி அலசலுக்கு எடுத்துவரும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். முதலில் சிரித்தேன். அவர் காரில் வளையமில்லை.

பிராண்டுகளை வரிசைப்படுத்த நான் விரும்பவில்லை. த்ரீஎம், 1997இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தொடங்கிய எக்ஸ்பெல், ஈஸ்ட்மன் கம்பனியின் லூமாரும் சன்டெக்கும், பிரான்சின் ஹெக்ஸிஸ், கொரியாவின் ஸ்டெக், மகாராஷ்டிரத்தின் கார்வேர் என்று பெயருள்ளவை பல; சீனத் தயாரிப்பு அதைவிடப் பல, அவற்றிலும் நல்லதும் உண்டு. பெயரைவிடப் பார்க்க வேண்டியது, பெட்டியும் ரோலின் இலக்கமும் உங்கள் கண்முன் இருக்கிறதா, அந்த இலக்கம் உங்கள் கார் இலக்கத்தோடு கம்பனியிடம் பதிவாகிறதா என்பது. பத்து வருட உத்தரவாதம் என்றால் மஞ்சளாவது, வெடிப்பது, தூக்குவது ஆகியவற்றுக்குத்தான். கல் குத்தினால் அல்ல. ஒரு துண்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியு ரப்பர்போல் திரும்பி வரும், பிவிசி இழுத்தபடியே நிற்கும். நிறம் மாற்றும் பிலிமில் ஆசை வந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பதிவுப் புத்தகத்தில் காரின் நிறம் எழுதியிருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தாக வேண்டும்.

ஒட்டுவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டிய ஒரு வேலையை எந்தக் கடையும் சொல்வதில்லை. தடிப்புக் கருவி ஒன்றை இரவல் வாங்கி, தகட்டுப் பனல் ஒவ்வொன்றிலும் வைத்து, இலக்கம் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள். காரணம் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. இரண்டாவது காருக்கு எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். சென்ற வருடம் அதை வாங்க ஒருவர் கலேவெலவிலிருந்து வந்தார். குனிந்தார், பார்த்தார், தட்டினார். கதவில் கருவியை வைத்தார்: 112. தலையசைத்தார். பொனட்டில் வைத்தார்: 316. மறுபடி வைத்தார். 314.

"பொனட் அடிச்சிருக்குண்ணே" என்றார்.

"பிலிம் தம்பி. அதுவே இருநூறு இருக்கும்."

அவர் நம்பவில்லை. பொனட்டைத் தூக்கி, உள்விளிம்பில் மடித்திருந்த ஓரத்தை விரல் நகத்தால் மெல்ல நெம்பிக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "முழுசா உரிச்சுக் காட்ட ஏலுமா?" என்று கேட்டார்.